கவுன்சிலரை இறக்க முடியுமா? நாங்கள் அலைந்த கதை

எங்கள் ஊர் கொங்குப் பக்கம் ஒரு சின்ன நகராட்சி. பெயர் வேண்டாம், கவுன்சிலர் அக்காவை நாளைக்கும் மளிகைக் கடையில் பார்த்தாக வேண்டும். 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டோம். அதற்கப்புறம் வார்டுக்குள் வந்தது அவருடைய வீட்டுக்காரர்தான். அவரும் கல்யாணம், காதுகுத்து என்றால் வருவார். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த பையன் ஒருவன் பைக்கோடு அதில் விழுந்தான். "ஏனுங்க, ஏத்தி விட்ட நாமளே இறக்க முடியாதுங்களா?" என்று பவர்லூம் ஓட்டும் அண்ணன் கேட்டார். பாதித் தெரு கையெழுத்துப் போடத் தயார்.

விசாரித்தால், முடியாது. தமிழ்நாட்டில் வார்டு மக்கள் மனு போட்டுக் கவுன்சிலரைத் திரும்ப அழைக்கச் சட்டத்தில் இடமில்லை. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவருக்கு அப்படி ஒன்று உண்டு. காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி என்று இரண்டு சின்னம் வைத்து மக்களிடமே ஓட்டெடுப்பார்கள். இதைச் சொன்னதும் டீக்கடையில் எல்லோருக்கும் காலி நாற்காலி மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் அங்கேயும் முதலில் உறுப்பினர்கள்தான் கையெழுத்துப் போட்டுத் தொடங்க வேண்டும்.

நம்மிடம் இருப்பது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அது தலைவர், மேயர் மேல்தான். ஓட்டும் கவுன்சிலர்களுக்குத்தான், ஐந்தில் நான்கு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். 2024 ஜூலையில் காஞ்சிபுரத்தில் ஓட்டெடுப்புக்குக் கவுன்சிலர்கள் வராமலே தீர்மானம் தோற்றது. 2025 ஜூலையில் சங்கரன்கோவிலில் தலைவரை இறக்கியே விட்டார்கள். இரண்டு ஊரிலும் ஜனங்கள் வேடிக்கைதான் பார்த்திருப்பார்கள்.

கவுன்சிலரை அரசே நீக்கலாம். 2025 மார்ச்சில் சென்னையிலும் தாம்பரத்திலும் அப்படி நீக்கினார்கள். அதற்கு முறைகேடு என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வார்டுப் பக்கம் வரவில்லை என்பது போதாது. திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் கொடுத்துப் பார்த்தோம். மனு சுற்றிவிட்டு எங்கள் நகராட்சிக்கே வந்து சேர்ந்தது.

அப்புறம் தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயரான ஐயா ஒருவர் ஒரு வழி சொன்னார். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போய்விடும், வருகைப் பதிவைக் கேளுங்கள் என்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள், "நகல் தருக" என்று மட்டும் எழுதச் சொன்னார். முப்பது நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது.

பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அக்காவின் கையெழுத்து இருக்கிறது, குண்டு குண்டாக, பள்ளிக்கூட நோட்டில் எழுதியதுபோல. ஒரு கூட்டம்கூட விடவில்லை! போட்டுவிட்டு உட்கார்ந்தாரா, காபியோடு கிளம்பினாரா, அதெல்லாம் பதிவேட்டில் இருக்காது. பதவி பறிக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் கூட வந்த தீர்மான நகலில் எங்கள் தெருப் பெயர் இருந்தது. பள்ளத்தை மூடித் தார் போடத் தீர்மானம் நிறைவேற்றி மாதக்கணக்காகிறது. அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஏரியா சபைக்குப் போனோம், அதாவது கவுன்சிலர் வார்டு மக்களோடு உட்காரும் கூட்டத்துக்கு. 2022-ல் விதி போட்டுக் கொண்டுவந்த சபை இது. எங்கள் ஊரில் நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தார். பூ விற்கும் அம்மா விடவில்லை. "நீங்க சித்த உக்காருங்க தம்பி, அம்மணி சொல்லட்டும்."

அக்கா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இது பாஸானதே எனக்குத் தெரியாதுங்க" என்றார். கோபப்படுவதா பாவப்படுவதா என்று தெரியவில்லை. தன் கையெழுத்துக்குக் கீழேயே தீர்மானம் இருக்கிறது. அங்கேயே இன்ஜினியருக்குப் போன் போட்டார், வீட்டுக்காரர் போனை வாங்கித்தான்.

பள்ளம் மூடியாயிற்று. தெருவிளக்குக்கும் தீர்மான நகல் கேட்டு மனு போட்டிருக்கிறோம். இந்த முறை பவர்லூம் அண்ணன் பெயரில்.