காதுக்குள் கேட்ட கடல்

போன வருஷம் தைப்பூசக் காவடி முடிந்த வாரம் என் மகள் முதன்முதலாகச் சொன்னாள்: "மா, காதுக்குள்ள கடல் மாதிரி இரையுது." நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில். டர்பன் கடற்கரை அலை இங்கே யாருக்கும் கேட்காது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தவள், நாடி துடிக்கும்போதெல்லாம் அந்த இரைச்சலும் வருகிறது என்றாள். தூக்கம் பத்தவில்லை என்று நான் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

காலையில் எழுந்தால் அவளுக்கு மண்டை பிளக்கும். குனிந்து செருப்பு மாட்டினால் இரண்டு மூன்று விநாடி கண் இருட்டிவிடும். இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம். இருவருமே ஒற்றைத் தலைவலி என்றார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கவில்லை. கண்ணாடி மாற்றப் போன கடையில் சோதித்த பெண்தான் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு நுழைகிற இடம் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார்.

அன்று இரவே சிடி ஸ்கேன். அந்த ஸ்கேனுக்கான கணக்கைப் போட்டவர்களில் ஒருவரான ஆலன் கார்மாக் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர், 1979-ல் அதற்காக நோபல் வாங்கியவர். அவரை அன்று மனதாரக் கும்பிட்டேன். கட்டி இல்லை. எம்ஆர்ஐயில் மூளையின் சிரைகளில் ரத்த உறைவும் இல்லை. அப்புறம்தான், மூளையைச் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்தை அளக்க முதுகில் ஊசி. உள்ளே கட்டி இருந்து நீரை எடுத்தால் மூளை கீழே இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம்.

ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசியோடு செங்குத்தாக ஒரு மெல்லிய குழாய், அதில் சென்டிமீட்டர் கோடுகள். பளிங்கு போல நீர் ஏறியது. 20, 25, 30. 25-ஐத் தாண்டினால் அதிகம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். 34-ல் நின்று, அவள் மூச்சுக்கேற்ப லேசாக ஏறி இறங்கியது.

மூளைக்குள் ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் நீர் சுரக்கிறது. உள்ளே இருப்பதோ சுமார் 150 மில்லிதான். மீதி ரத்தத்துக்குள் வடிந்துகொண்டே இருக்கணும். வடியாவிட்டால் மண்டை ஓடு விரிந்தா கொடுக்கும்? அழுத்தம் பார்வை நரம்பைத்தான் நெரிக்கும். கட்டியோ உறைவோ இல்லாமலே இப்படி மண்டைக்குள் அழுத்தம் ஏறும் இந்த நோய், எடை கூடியிருந்தால் இளம் பெண்களுக்கு அதிகம் வருகிறது. எடை குறைப்பதும் வைத்தியம்தான், ஆனால் அதுவரை பார்வை காத்திருக்காது.

நீர் சுரப்பதைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையில் விரல் நுனி ஊசி குத்துவது போல மரத்தது. கோக் இரும்பு மாதிரி ருசித்தது. மூன்று மாதத்தில் பார்வை ஓரங்களில் சுருங்கவே, ஆபரேஷன். மூளையின் நீரறையிலிருந்து ஒரு குழாய், காதுக்குப் பின்னால் வால்வு, பிறகு தோலுக்கடியில் கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை. வடிகிற நீரை வயிறு உறிஞ்சிக்கொள்ளும். இவளுடைய நீரறைகள் சிறியவை என்பதால் கம்ப்யூட்டர் வழிகாட்டலோடு செய்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் கேட்டேன். "இரைச்சல் இல்ல மா" என்றாள்.

இப்போது வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு மேடு விரலில் தட்டும். அங்கே அழுத்தாமல் சுற்றித் தேய்ப்பேன். எம்ஆர்ஐ எடுத்தால் காந்தத்தில் வால்வில் வைத்த அழுத்த அளவு மாறலாம், உடனே சரிபார்க்கணும் என்று எழுதிய அட்டை அவள் பையில் இருக்கிறது. அதன் நகல் என் பர்ஸிலும்.