பாக்கெட் 4கே-யா, எஃப்எக்ஸ்30-ஆ?

இந்த இரண்டு வீடியோ கேமராக்களில் எது நல்லது என்று குறும்படம் எடுக்கும் ராயபுரத்துத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படத்தின் தரம் மட்டும்தான் என்றால் என் ஓட்டு 2018-ல் வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-வுக்கு. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் சூடுபிடிக்கும் நேரம் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 அந்த கேமராவின் இரண்டாவது நேட்டிவ் நிலை, அதாவது சென்சார் இயல்பாகவே சுத்தமாகப் படம் தரும் நிலை என்பதால் நிழலில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் அதிகம் வராது. ஐஸ் மேல் கிடக்கும் வஞ்சிரத்தின் பளபளப்பு, கூடைக்காரம்மா முகத்து வியர்வை, இரண்டையும் கலரிங்கில் (பிறகு நிறம் திருத்தும்போது) தனித்தனியாகப் பிடிக்க, சென்சார் பதிவைப் பெரிதாக மாற்றாமல் சேமிக்கும் பி-ரா ஃபார்மேட் இடம் கொடுக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே படம்பிடிக்க அது சரிவராது. உள்ளே ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) இல்லை, தொடர் ஆட்டோஃபோகஸ் இல்லை, திரை மடங்காது. எல்பி-இ6 பேட்டரி ஒரு மணி நேரம் தாண்டினால் அதிசயம். 2022-ல் வந்த சோனி எஃப்எக்ஸ்30-ல் இதெல்லாம் இருக்கிறது, பேட்டரியும் தாங்கும். சினிமா ஃபிலிம் அளவை ஒட்டிய சூப்பர் 35 சென்சார், பிறகு நிறம் திருத்த வசதியான 10 பிட் எஸ்-லாக்3 பதிவு. உதவிக்கு ஆளில்லாமல் ஒண்டியாக எடுப்பவருக்கு அதுதான்.

இரண்டிலும் உள்ளே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கிடையாது. நம்ம ஊர் வெயிலுக்கு லென்ஸில் மாட்டி அளவை மாற்றிக்கொள்ளும் வேரியபிள் என்டி வாங்கக் காசு எடுத்து வையுங்கள். சரி, லென்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று ஏன்ப்பா ஒருத்தரும் கேட்க மாட்டேங்கிறீங்க?