தோபா இல்லை, கோம்

‘கோம்’ என்றதும் பலருக்கு ஈரானில் இருக்கும் நகரம்தான் ஞாபகம் வரும். நான் போனது அர்ஜென்டினாவின் வடகிழக்கில் இருக்கும் சாக்கோ மாகாணத்துக்கு. அங்கே கோம் என்பது ஊர் அல்ல, ஒரு பழங்குடி.

கொரியென்டெஸில் பஸ் ஏறி, பரானா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ரெசிஸ்டென்சியா. ‘எதிர்ப்பு’ என்று ஊருக்கே பெயர்! பழங்குடிகளின் போராட்ட நினைவாக்கும் என்று நான் பாட்டுக்குப் புல்லரித்துப் போனேன். விஷயம் தலைகீழ். பழங்குடிகளின் தாக்குதலைக் குடியேறிகள் எதிர்த்து நின்றார்கள் அல்லவா, அதற்காக வைத்த பெயர்.

கோம் மக்கள் வாழும் பகுதியை ‘பாரியோ தோபா’ என்கிறார்கள். தோபா என்பதும் அடுத்தவர் வைத்ததுதான். முன்தலை முடியைக் களைந்துவிடும் வழக்கத்தைப் பார்த்து, ‘நெற்றி’ என்ற பொருளில் குவாரனி என்ற இன்னொரு பழங்குடியினர் அப்படி அழைத்தார்கள். ஸ்பானியர்களும் விடவில்லை, ‘நெற்றிக்காரர்கள்’ என்றார்கள். அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது கோம் என்று. 2010 முதல் அவர்கள் மொழி சாக்கோவின் ஆட்சிமொழிகளில் ஒன்று.

1962இல் தொடங்கிய செலாலாப்பி பாடகர் குழு இந்த ஊருடையதுதான். ஒரு வீட்டுத் திண்ணையில் ந்விகே வாத்தியத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தகர டின், அதில் செருகிய ஒரு கம்பு, குதிரைமயிரில் ஒரே ஒரு தந்தி. டின்னில் பழைய லேபிள் பாதி உரிந்து கிடந்தது. நான் வில்லை இழுத்ததும் தெருநாய் எழுந்து போய்விட்டது. வீட்டுக்காரர் வாசித்தபோது தொண்டை கட்டிய பாட்டி தாலாட்டுப் பாடுவது போலிருந்தது.

மறுநாள் 16ஆம் எண் நெடுஞ்சாலையில் நபல்பி. அரசு நடத்திய குடியிருப்பு அது. கோம், மொகோயிட் பழங்குடிகள் அங்கே பருத்தி விளைவித்தார்கள். அதில் 15 சதவீதம் பிடித்தம். கூலி அதிகம் கிடைக்கும் சால்ட்டா, ஹுஹுய் கரும்பாலைகளுக்குப் போகலாமென்றால் சாக்கோவை விட்டு வெளியேறத் தடை. வேலைநிறுத்தம் செய்தார்கள். 1924 ஜூலை 19 காலையில் போலீசும் குடியேறிகளும் சுட்டார்கள். மேலே ஒரு விமானம் வட்டமிட்டது. செத்தவர்கள் 400, 500 பேர் இருக்கும். குழந்தைகளும் உண்டு. பழங்குடிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதாக அரசு கதை கட்டியது.

காட்டுக்குள் ஓடித் தப்பிய மெலிட்டோனா என்ரிக்கே என்ற பெண்ணிடம் மாகாண அரசு மன்னிப்பு கேட்டபோது வருடம் 2008. அவருக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. 2022இல்தான் நீதிமன்றம் இது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றது. தண்டிக்க யாரும் உயிரோடு இல்லை.

சாலையோரம் பனையோலைக் கூடை விற்ற பெண்மணி எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். அங்கே பழங்குடிகளை வசைபோல ‘இந்தியோ’ என்பார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்போ அது உங்க பேரா? இத்தனை வருஷமா எங்க தலையில கட்டிட்டாங்களே!”

சிரித்துக்கொண்டே, தெரெரே என்ற இலைப் பானம் ஆறிப்போயிருந்த குவளையை நீட்டினார். தெரெரேயை ஐஸ் போட்டுத்தான் குடிக்க வேண்டும் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.