டிஷ்ஷை இறக்கினதும் ஏறின சிக்னல்

மாதக்கணக்காகத் தலையைத் தின்ற பிரச்சினை போன ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது. செட்டிபாளையத்தில் அக்கா வீட்டு மேல்தட்டிலிருந்து, மட்டக்களப்பு வாவிக்கு அங்கால அம்பிளாந்துறைப் பக்கம் இருக்கிற அப்பாவின் வளவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இழுத்த வயர்லெஸ் இன்டர்நெட் இணைப்பு இப்போது −49 டிபிஎம்மில் அசையாமல் நிற்கிறது. டிபிஎம் என்பது சிக்னலின் பலம், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. தூரம் 4 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டு பக்கமும் லைட்பீம் டிஷ், 23 டிபிஐ (அலையை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு).

தை மாதம் கட்டிய அன்று −53 காட்டியது. அனுப்புகிற பலம் 20 டிபிஎம், இரண்டு டிஷ்ஷுக்கும் சேர்த்து 46, பாதையில் போகிற இழப்பு சுமார் 120 என்று போட்டால் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அன்றிரவு மருமகள் தடங்கலில்லாமல் உயர்தர வகுப்புப் பார்த்தாள். பங்குனிக்குப் பிறகு மெல்ல மெல்ல விழத் தொடங்கியது. முதலில் கனெக்டரைச் சந்தேகப்பட்டு நான்கு முனையையும் வெட்டித் திரும்பக் கிரிம்ப் பண்ணினேன். சனலை மாற்றினேன். டிஷ் இரண்டையும் கரை மாற்றிப் பூட்டினேன். அக்கா வளவுத் தென்னையில் இரண்டு ஓலை வெட்டினோம். வைகாசியில், உயரம் போதாதாக்கும் என்று அப்பா வீட்டில் டிஷ் நிற்கிற பைப்பை இன்னும் ஒன்றரை அடி தூக்கினேன். தூக்கின அன்றே இன்னும் 6 டிபி போனது. ஆடியில் −74. வட்ஸப்பில் குரல் மட்டும்தான் கேட்டது.

துப்பைக் கொடுத்தவர் அப்பா. வயல் வேலைதான் அவருக்கு, வயர்லெஸ் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டின நாளிலிருந்து வாவி எவ்வளவு இறங்கியது என்பதை விரலில் வைத்திருப்பவர். "தண்ணி வத்த வத்தத்தானே மனே இது படுக்குது" என்றார். அடுத்த நாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். கொங்கிறீட் தூணில் மாரித் தண்ணீர் நின்ற இடம் வரைக்கும் பாசி காய்ந்து கறுத்துக் கிடந்தது. அதன் கீழே சின்னச் சிப்பிகள், அதற்கும் கீழே ஈரப் பச்சை. காய்ந்த கோட்டிலிருந்து தண்ணீர் மட்டம் 96 சென்டிமீட்டர். அதாவது நான் தொடாமலேயே இரண்டு டிஷ்ஷும் தண்ணீருக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டன.

இங்கேதான் விஷயம். அலை நேராக ஒரு வழியில் வருகிறது, தண்ணீரில் பட்டு இன்னொரு வழியிலும் வருகிறது. இவ்வளவு சாய்வாகப் படும்போது வாவி கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். திருப்பும்போது அலையைத் தலைகீழாகவும் ஆக்கிவிடும். 23 டிபிஐ டிஷ்ஷின் பார்வை பத்து பாகை அளவு. தண்ணீரில் பட்டு வருவது அரைப் பாகை கூட விலகாது. ஆகவே டிஷ்ஷால் அதைத் தடுக்க முடியாது. கச்சான் காற்றில் வாவி கலங்கினால் தெறிப்பு உடையும் என்று நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால், இந்தச் சாய்வுக்கு ஒரு மீட்டர் அலை கூட மட்டமான தரைதான்.

இரண்டாவது வழி முதல் வழியை விட எவ்வளவு நீளம் என்பதுதான் திறவுகோல். இரண்டு உயரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். ஆடியில் தண்ணீரிலிருந்து அக்கா பக்கம் 9 மீட்டர், அப்பா பக்கம் 11.5 மீட்டர். வருவது 5.2 சென்டிமீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸின் அலைநீளமும் 5.2 சென்டிமீட்டர்! முழு அலை ஒன்று பிந்தி, தலைகீழாக வந்து சேருகிறது. ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. இரண்டும் கூட வேண்டுமென்றால் பிந்துவது அரை அலையாக இருக்க வேண்டும். அக்கா பக்கம் 9 மீட்டரிலேயே இருந்தால், அப்பா பக்கம் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தால் சரி. அலை போக நேர்க்கோட்டைச் சுற்றி வெறுமையாக இருக்க வேண்டிய இடத்துக்கு ஃபிரெனல் வலயம் என்று பெயர். நடுவில் அதன் ஆரம் 7.2 மீட்டர். அந்த உயரத்திலும் அது தண்ணீரில் அமிழவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மச்சான் கீழே ஸ்பானரோடு, நான் ஏணியில். இரண்டு அங்குல ஜிஐ பைப்புக்குள் ஒன்றரை அங்குலப் பைப்பு. கிளாம்பைத் தளர்த்தி ஒவ்வொரு மீட்டராக இறக்கினோம். −74 இருந்த இடத்தில் முதல் மீட்டரிலேயே −60. அடுத்தது −54, அதற்கடுத்தது −51. மச்சான் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகக் கூப்பிட்டான். கடைசியில் உள் பைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, டிஷ்ஷை வெளிப் பைப்பிலேயே தண்ணீருக்கு 6 மீட்டர் மேலே கட்டினோம். −49. −51லேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் 6 மீட்டரில் இருந்தால் மாரியில் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறினாலும் ஒரு டிபிக்கு மேல் போகாது. முந்தின உயரத்தில் அந்த ஒரு மீட்டர்தான் எங்களைக் கொன்றது.

கிளாம்ப் வாங்குகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகுதானா என்று கவனமாகப் பாருங்கள். ஒரு கடையில் அப்படிச் சொல்லித் தந்தது நாலு மாதத்தில் உப்புக்காற்றில் உதிர்ந்துவிட்டது. பைப்பைக் கல்முனையில் எடுத்தேன், பாரம் குறையவில்லை, திருப்தி.

எர்த் கம்பி இன்னும் அடிக்கவில்லை. ஐப்பசி இடிக்கு முன்னால் செம்புக் கம்பி இறக்கியே ஆக வேண்டும். ஆனால் மனம் மின்வெட்டுப் பக்கம்தான் ஓடுகிறது. லைட்பீம் 24 வோல்ட்டில் ஓடுவதால், இரண்டு 12 வோல்ட் பற்றரியைத் தொடராகக் கட்டி ஒரு சோலார் தகட்டோடு விடலாம். மாவடி நிழல் படாத இடமாக மாட்டுக் கொட்டில் கூரையை அப்பா காட்டியிருக்கிறார். துறைத் தூணில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வெள்ளைப் பெயின்டால் போட்டாயிற்று. அப்பா ஒவ்வொரு வெள்ளியும் எண்ணைச் சொல்வார், நான் சிக்னலைப் பக்கத்தில் எழுதுவேன். முதல் வரி: கோடு 2, −49.