நைட் டியூட்டியும் எண்பத்தெட்டாம் சங்கீதமும்

2021 மே மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கக் கிறிஸ்தவர்களின் கைபேசிக்கு பைபிளின் பாடல்களில் ஒன்றான 91ஆம் சங்கீதம் வராத நாளே கிடையாது. காலையில் ஒரு அத்தை அனுப்புவார். மத்தியானம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் படமாக வரும். ராத்திரி யாரோ ஒருவர் உருக்கமாக வாசித்து, பின்னால் கீபோர்டு இசை சேர்த்து அனுப்பியிருப்பார். ‘உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது.’ சிலர் இதைத் தாளில் எழுதி வாசற்கதவில் ஒட்டியிருந்தார்கள். அப்போது நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் செவிலியர். என் இரண்டு பக்கமும் விழுந்தவர்களில் அந்த வசனத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

இப்படிச் சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்கள். இருக்கட்டும். அதே சங்கீதத்தில் பின்னால் வரும் வசனங்களை, தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்பதை, இயேசுவிடம் எடுத்துச் சொன்னது யார் என்று மத்தேயு நான்காம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்று சொன்ன பிசாசுதான். அவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பாராதே என்று பதில் சொன்னார். ஓய்வுநாள் பாடசாலையில் சின்ன வயதிலேயே படித்த கதை. ஆனால் தடுப்பூசி போடாமல் ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று வீட்டிலிருந்த சொந்தக்காரர்களிடம் தொலைபேசியில் மல்லுக்கட்டிய அந்த நாட்களில்தான் அதன் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது. மருத்துவப் பணியாளர்களுக்கு ஜனவரி 16ஆம் தேதியே ஊசி தொடங்கிவிட்டது. நான் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போய்ப் போட்டுக்கொண்டேன். இரண்டுக்கும் சண்டையில்லை.

மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. வார்டுக்குள் அது வேறு கணக்காக வந்து சேரும். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். பை வைத்த முகக்கவசத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. மூக்கு வழியாக அதிவேகத்தில் 60 லிட்டர் கொடுக்கும் கருவியில் முழுசாகத் திறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. இந்த வகுத்தலைத் தூக்கத்திலும் செய்துகொண்டிருந்தோம். குழாய் வழியாக வரும் ஆக்சிஜனின் அழுத்தம் ராத்திரியில் லேசாக இறங்கினால் போதும், வார்டிலுள்ள எல்லாரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடையான கிட்டைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. கண்ணாடி வியர்வையில் மங்கிவிடும். யார் யார் என்று தெரியாததால் முதுகிலும் நெஞ்சிலும் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். நோயாளிகளுக்கு எங்கள் முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும். என் பெயரைப் பார்த்தே நான் கிறிஸ்தவள் என்று கண்டுகொண்ட ஒரு அம்மா, நெற்றியில் அந்த நிலைமையிலும் திருநீறு வைத்திருந்தவர், “உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி தாயி” என்றார். சொன்னேன். அவரிடம் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவரின் படுக்கையோரம் பிரசங்க மேடை அல்ல. இதில் என்னோடு ஒத்துப்போகாத விசுவாசிகள் உண்டு, தெரியும்.

ஆண்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் ‘உபதேசியார் ஐயா’ என்றே கூப்பிட்டோம். ஆக்சிஜன் அளவு ஏறுவதற்காகக் குப்புறப் படுக்கச் சொன்னால் தட்டாமல் படுப்பார். பாதிப் பேர் அதற்கு எங்களோடு சண்டை போடுவார்கள், ஏனென்றால் முதல் கால் மணி நேரம் உண்மையிலேயே கஷ்டம். அவருடைய மனைவி அதே கட்டடத்தில் பெண்கள் பகுதியில் இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகன் வெளியே கேட்டருகில் நின்றுகொண்டு, அப்பாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம், கொஞ்சம் தேறட்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று பெரியவருக்கு ஆக்சிஜன் அளவு குறைவாகத்தான் இருந்தது, அதிர்ச்சி தாங்காது. இன்சார்ஜ் சிஸ்டரும் டாக்டரும் பேசி ஒத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவை உறைக்குள் வைத்துக் கட்டி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதன்பின் மேலே வந்து, உபதேசியார் ஐயாவுக்கு மருந்து ஏற்ற வேண்டும்.

அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த ராத்திரி, எல்லாரும் அசந்திருந்த நேரம், நான் பக்கத்தில் போனபோது, “எண்பத்தெட்டு” என்றார். ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தேன். “இல்ல ஐயா, தொண்ணூத்தொண்ணு இருக்கு, நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவர் தலையை ஆட்டினார். “தொண்ணூத்தொண்ணு வேண்டாம்மா. எண்பத்தெட்டு வாசி.”

அப்புறம்தான் சங்கீதத்தைச் சொல்கிறார் என்று உறைத்தது. மூச்சு விட்டுவிட்டுப் பேசினார். “ரெண்டு நாளா நீங்க யாரும் அவ பேர எடுக்கல. நான் எத்தன அடக்கத்துக்குப் போனவன். எனக்குத் தெரியாதா?”

நான் பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன், இரட்டைக் கையுறையோடு. அவருடைய பழைய கைபேசியில் பைபிள் இருந்தது. மங்கின கண்ணாடி வழியாகத் தடவித் தடவி வாசித்தேன். அந்தச் சங்கீதத்தை அதற்கு முன் நான் வாசித்ததாக நினைவில்லை. என் ஆத்துமா துக்கத்தால் நிறைந்திருக்கிறது என்று சொல்லி, நீர் ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று கேட்டு, அப்படியே இறங்கிக்கொண்டே போகிறது. எந்த இடத்திலாவது ‘ஆனாலும்’ என்று திரும்பும் என்று பார்த்தேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் எல்லாம் அநேகமாக அப்படித் திரும்பும். 13ஆம் சங்கீதம், ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று ஆரம்பித்தாலும் பாட்டில் முடியும். இது முடியவில்லை. ‘சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்.’ அதோடு சரி.

பெரியவர் அழுதார். கண்ணீர் முகக்கவசத்தின் ரப்பருக்குள் இறங்கியது, துடைத்துவிட்டேன். “இதயும் வேதத்துல வச்சிருக்காம் பாரு” என்றார். “அவன்கிட்டயே அவனத் திட்டலாம்னு.” கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே குப்புறப் படுத்துக்கொண்டார்.

நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான். ஆனால் நம் சபைகளில் அடிக்கடி காதில் விழுவது இருபத்துமூன்றும் தொண்ணூற்றொன்றும் நூற்றிருபத்தொன்றும். புலம்பினால் விசுவாசம் போய்விட்டது என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்னது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர். கைவிட்டீர் என்று சொல்வதற்கும் ‘என் தேவனே’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. எனக்குப் பெலன் கிடைத்தது அங்கேதான். நோய் என்னைத் தொடாது என்ற உறுதி ஒருபோதும் கிடைக்கவில்லை. ஆனால் மருந்து மாற்றும் அறையில் ஒரு மூலையில் நின்று, இது என்ன நியாயம் என்று ஆண்டவரைக் கேட்க முடிந்தது. கேட்டுவிட்டு வந்தால் அடுத்த படுக்கைக்குப் போகக் கால் எழும்பியது.

எங்கள் மாவட்டத்தில் டோனாவூர் என்ற பெயரைக் கேள்விப்படாத கிறிஸ்தவர் குறைவு. 1901இல் அங்கே வந்து, ஆதரவற்ற பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து, அதன்பின் 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமாகத்தான் இருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் விருப்பப்படி கல்லறையில் கல் வைக்கவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சாட்சிக் கூட்டங்களில் நாம் சொல்லும் ‘உடனே சுகமானேன்’ கதைகளுக்குள் இந்த இருபது வருஷம் எங்கே பொருந்தும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

சமாதானத்தைப் பற்றிச் சொல்வதானால் ஹேண்டோவர் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடியும்போது அடுத்து வரும் சிஸ்டரிடம் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைப்போம்: இவருக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, அடுத்த ஊசி எப்போது, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யாருடைய வீட்டுக்கு இன்னும் தகவல் போகவில்லை. கையெழுத்துப் போட்டதும் அது அவர் பொறுப்பு. ஆனால் அந்த மே மாதத்தில் கையெழுத்துப் போட்டும் என்னால் வார்டை விட்டு வெளியே வர முடியவில்லை. விடுதி அறையில் படுத்துக்கொண்டு படுக்கை எண்களை எண்ணிக்கொண்டிருப்பேன். மற்ற சிஸ்டர்களும் அப்படித்தான். ஒருத்தி தூக்கத்தில் “சிலிண்டர் மாத்து, சிலிண்டர் மாத்து” என்று கத்துவாள்.

அந்த நாட்களில்தான் 121ஆம் சங்கீதத்தின் ஒரு வரி வேலைக்கான வரியாக மாறியது. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை. நைட் டியூட்டி பார்க்கிறவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், நிரந்தரமாக. அப்படியானால் நான் தூங்கலாம். அறைக்கு வந்து குளித்துவிட்டு, வார்டில் செய்தது போலவே ஒவ்வொரு படுக்கையாக அவரிடம் ஒப்படைக்க ஆரம்பித்தேன். அழகான ஜெபம் எதுவும் இல்லை. ஏழாம் படுக்கை, 15 லிட்டர், பயப்படுகிறார். பன்னிரண்டு, மகள் துபாயில். உபதேசியார் ஐயா, அவருக்கு இன்னும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாதிப் படுக்கை முடியும் முன்பே தூங்கியிருப்பேன். காலையில் போனால் சில படுக்கைகள் காலியாகத்தான் இருக்கும். அதை இந்த ஜெபம் மாற்றவில்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என்னைச் சாகவிடும் என்று கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் தூதன் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் விடுதி மெஸ் அக்காவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். சாப்பாடு வேண்டாம் என்று நான் படுத்துவிட்ட நாட்களில் கதவைத் தட்டி, நான்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் வைத்துவிட்டு, “தின்னுட்டுப் படு, இல்லன்னா நாளைக்கு உனக்கு எவ ஊசி போடுவா?” என்பார்.

உபதேசியார் ஐயா பிழைத்தார். மகன் உள்ளே வந்து சொன்னபோது அமைதியாகக் கேட்டுக்கொண்டார் என்று சொன்னார்கள், அப்போது நான் டியூட்டியில் இல்லை.

போன லெந்துகாலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சபையில் வேதப்பாடம் வாசிக்க என்னைக் கேட்டார்கள். எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஆயர் சொன்னதால் 88ஐ எடுத்துக்கொண்டேன். வாசித்து முடித்து இறங்கி வந்து உட்கார்ந்ததும் பின் வரிசையிலிருந்த அத்தை ஒருத்தி என் தோளைத் தட்டி, “ஏட்டி, ஏன் பாதில நிப்பாட்டிட்ட?” என்றாள். முடிந்துவிட்டது அத்தை, அவ்வளவுதான் இருக்கு என்றேன். நம்பவில்லை. பிரசங்கம் முடியும் வரை பைபிளைத் திறந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.