தொப்பூரைத் தாண்டிய பெட்டிகள்

ஓசூரில் படகு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையில் சரக்கு அனுப்புவது என் வேலை. கடல் வெகு தூரம். ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் எனக்கு மனப்பாடம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது அப்போதுதான்.

ஜூன் தொடக்கத்தில் தூத்துக்குடி மொத்த வியாபாரிக்கு படகை உந்தும் வெண்கலப் புரொப்பல்லர்களும் அவற்றைச் சுழற்றும் தண்டுகளான ஷாஃப்டுகளுமாக 14 மரப்பெட்டிகள் ஏற்றினோம். ஒவ்வொரு பெட்டியிலும் பெயின்டால் எண் எழுதி, லாரி ரசீதிலும் அதையே குறித்தேன். வழி 500 கிலோமீட்டருக்கு மேல். சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. மூன்று நாட்கள் செல்லும். விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தாண்டிவிட்டதாக ஓட்டுநர் அண்ணன் சொன்ன பிறகே படுத்தேன்.

மதுரையில் வேறு லாரிக்கு மாற்றினார்கள். புதிய வண்டி எண்ணை உடனே இ-வே பில்லில் பதிந்தேன். மறுநாள், “தம்பி, 13 பெட்டிதான் வந்திருக்கிறது, ஒன்பதாம் எண் பெட்டியைக் காணவில்லை” என்றார் தூத்துக்குடி அண்ணாச்சி. எனக்கு வயிறு கலங்கியது. அதில்தான் ஒரு படகின் ஷாஃப்ட் முழுதாக இருந்தது. அது இல்லாமல் அந்தப் படகு கடலில் இறங்காது. வெறுமனே “ஒரு பெட்டி” என்று கேட்டிருந்தால் யார் தேடுவார்கள்? எண்ணைச் சொன்னதும் மதுரைக் கிடங்கில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 12 மாலை, ஷாஃப்ட் பொருத்திய படகின் படம் வந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.