ஊழியக்காரனுக்குக் கிராம சபையில் என்ன வேலை?

பெருந்துறைப் பக்கம் எங்கள் திருச்சபைப் பெரியவர் ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார். போயே ஆக வேண்டும் என்றேன். கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்த வாழ்வில் பாதி ஆலயத்துக்கு, பாதி வீட்டுக்கு என்று பங்கு பிரிக்க முடியாது.

ஈரோட்டில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் சங்கத்து வெளிநாட்டு மிஷனரி பாப்லி ஐயரைப் பாருங்கள். நம் ராகதாளங்களைக் கற்று, பாட்டாலேயே சுவிசேஷம் சொன்னவர். 1921-ல் இந்திய இசை பற்றி நூல் எழுதினார். 1931-ல் குறளை ஆங்கிலத்தில் தந்தார். எல்லாமே அவருக்கு ஊழியம்தான்.

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் காலனிக்குத் தண்ணீர் வராததைப் பற்றி மனு கொடுத்தோம். "ஏனுங்க ஐயா, தீர்மான நோட்டுல ஏத்திட்டாங்களான்னு நல்லாப் பாருங்க" என்றார் ஒரு பாட்டி. எழுதி, வாசித்துக் காட்டும்வரை நின்றோம். (நோட்டில் ஏறாமல் யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.) சாயங்காலம் ஜெபக் கூட்டத்திலும் அதே தண்ணீருக்காகத்தான் மன்றாடினோம். "தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்ற வசனத்தை அன்று வாசித்தபோது எனக்குக் குரலே எழும்பவில்லை.

அடுத்த கிராம சபை நவம்பர் 1. இந்த முறை எங்கள் திருச்சபை வாலிபர்களும் வருகிறார்கள். உங்கள் ஊரிலும் போங்கள், சரியா?